சின்ன விஷயத்தைக் கடைசி வரை விடாத படங்கள்: குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க உங்கள் தேர்வு என்ன?

வைகைக்கரை:

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும். வெட்டுக்குத்து வேண்டாம், சீரியல் போல அழுது வடியவும் வேண்டாம். ஹீரோ பத்துப் பேரைத் தூக்கி வீசினால் அம்மா எழுந்து போய்விடுவார். என் தேவை இவ்வளவுதான். இதை வைத்துத் தேடித் தேடிப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அதைச் சொல்லிவிட்டு உங்கள் கருத்தையும் கேட்கலாம் என்றுதான் இந்த இழை.

எனக்குப் பிடித்துப்போன படங்களை வரிசையாக யோசித்தால், எல்லாவற்றிலும் பிரச்சினை ரொம்பச் சின்னது. 'குட் நைட்' படத்தில் குறட்டை. 'பண்ணையாரும் பத்மினியும்' படத்தில் ஒரு பழைய கார். 'காக்கா முட்டை'யில் பீட்சா. 'ஆண்டவன் கட்டளை'யில் பாஸ்போர்ட்டில் ஏறிவிட்ட ஒரு பெயர். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். படத்துக்குள் இருக்கிறவர்களுக்கோ அது வாழ்வா சாவா பிரச்சினை. அவர்கள் சிரிப்பதே இல்லை. அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

'ஆண்டவன் கட்டளை' (2016) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மணிகண்டன் இயக்கியது. லண்டன் போக வேண்டும் என்று ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறான் காந்தி. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, இல்லாத மனைவிக்குக் கார்மேகக்குழலி என்று ஒரு பெயர் வைத்து பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறான். விசா கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்கிறான். அந்தக் குழு வெளிநாடு போகும்போது அவனும் போக வேண்டும். ஆனால் பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. நீக்க வேண்டுமென்றால் விவாகரத்து வாங்கி வர வேண்டும். இல்லாத மனைவியிடம் எப்படி விவாகரத்து வாங்குவது? அதே பெயரில் நிஜமாகவே ஒரு பெண் கிடைக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதுதான் மீதிக் கதை.

இந்தப் படத்தில் வில்லன் இல்லை. அலுவலகங்கள், வரிசைகள், படிவங்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் காந்தியும் பாண்டியும் வாடகைக்கு வீடு தேடி அலையும் காட்சிகளில் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் வீடு கிடைக்காது. விஜய் சேதுபதி அதில் எங்கேயும் நகைச்சுவை செய்ய முயலவே இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று பார்க்கிற நமக்குத் தெரிகிறது, அவனுக்கு மட்டும் பயம். அந்தப் பயத்தை மணிகண்டன் கேலி செய்யவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எடுத்துக்கொண்ட சின்ன விஷயத்தைக் கடைசி வரை விடாத படங்கள்தான் நிற்கின்றன என்பது என் கட்சி. பாதியில் அதைப் போட்டுவிட்டு வேறு பெரிய விஷயத்துக்குத் தாவும் படங்கள் அங்கேயே கலைந்துவிடுகின்றன. 'பார்க்கிங்' (2023) எனக்கு அப்படித்தான் இருந்தது. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், நடுவில் வண்டி நிறுத்தும் இடம். முதல் பாதி முழுக்க எங்கள் தெருவையே பார்த்தது போல இருந்தது. பிற்பாதியில் உயிருக்கே ஆபத்து என்ற அளவுக்குப் போனதும் நான் அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குத் தேசிய விருது கிடைத்தது, எம்.எஸ்.பாஸ்கருக்கும் கிடைத்தது, அவர் நடிப்பில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கீழ்வீட்டு மனிதர் கீழ்வீட்டு மனிதராகவே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் படங்களைச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் ஏன் பிடித்தது என்றும் எழுதுங்கள்.

---

நொய்யல்:

'குடும்பஸ்தன்' (2025) இல்லாமல் இந்தப் பட்டியல் ஆகாது. கோயம்புத்தூர்க்காரன் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். எங்கள் ஊர்ப் பேச்சைச் சினிமாவில் ரொம்ப நாளாக ஒரு குணச்சித்திர நடிகருக்கு மட்டும் கொடுத்து, ஏனுங்க வாங்க என்று நாலு வார்த்தை பேசவிட்டு அனுப்பிவிடுவார்கள். இதில் வீடு முழுக்க அப்படிப் பேசுகிறது. நக்கலைட்ஸ் குழுவினர் யூடியூபில் பல வருடம் செய்துவந்த வேலை பெரிய திரைக்கு வந்திருக்கிறது. அவர்களில் ஒருவரான ராஜேஷ்வர் காளிசாமிதான் இயக்கம்.

இதிலும் விஷயம் சின்னதுதான். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. கடன் வாங்கி அடைத்த கடனுக்கு இன்னொரு கடன். காதல் கல்யாணம் செய்தவன் என்பதால் தோற்றுவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதம் வேறு. அந்த மச்சான் ராஜேந்திரனாகக் குரு சோமசுந்தரம் வருவார் பாருங்கள். மைத்துனன் கீழே விழ வேண்டும் என்று காத்திருக்கிற மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். ஆனால் அவரையும் படம் ஒரேயடியாகக் கெட்டவராக்கவில்லை. அப்பாவாக ஆர்.சுந்தர்ராஜன் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஒரு குறை. கத்தல் அதிகம். எல்லோரும் எல்லா நேரமும் பேசுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று என் மனைவி சொன்னாள். ஆனாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் காது வலித்தது.

---

தாழையூத்து டீச்சர்:

வைகைக்கரை அண்ணா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் இந்த வகைப் படங்களை எல்லோரும் நல்ல படம், நல்ல படம் என்று சொல்லும்போது ஒரு கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். இந்த வேடிக்கை யாருடைய செலவில் நடக்கிறது?

'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டு, சமீப காலத்து நினைவு மட்டும் அழிந்துவிடுகிறது. அடுத்து கல்யாணம். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்தது. அவரே அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார், பிறகு '96' இயக்கினார். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஒரு படம் முழுக்கச் சிரிக்க வைத்தது பெரிய துணிச்சல், மறுக்கவில்லை. நண்பர்கள் மூன்று பேரின் தவிப்பும் அருமை. ஆனால் அந்தப் பெண்? யாரைக் காதலித்துக் கல்யாணம் செய்கிறாளோ அவனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவன் சொல்வதுதான் படத்திலேயே பெரிய சிரிப்பு. மேடையில் நிற்கிற அவளுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நண்பர்களுக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இதே அளவுகோலில் 'குட் நைட்' தேறிவிடுகிறது. குறட்டை விடுகிறவன் கதையாக ஆரம்பித்தாலும், அதைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் படுத்திருக்கிற அனுவின் கதையாகவும் மாறுகிறது. தூக்கம் கெட்டு உடம்பு கெடுகிற வரை அவள் வாயைத் திறந்து சொல்வதில்லை. தன்னால் யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது என்றே வளர்ந்தவள் அவள். அந்த மனசை மீதா ரகுநாத் சத்தமே இல்லாமல் செய்திருக்கிறார். அவனுடைய அக்கா மகா, மாமா ரமேஷ் ஜோடியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை, ஊரே கேட்கிறது. ரமேஷ் திலக் செய்த அந்த மாமா மாதிரி ஒரு கணவனைத் தமிழ் சினிமா அதிகம் காட்டியதில்லை. மகாவாக நடித்த ரேச்சல் ரெபேக்காதான் 'கடைசி விவசாயி'யில் அந்த நீதிபதி.

---

பழைய டிக்கெட்:

தம்பிமார்களே, இதெல்லாம் 2012க்குப் பிறகு வந்த புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். 1985இல் 'ஆண் பாவம்' வந்தது. பெண் பார்க்கப் போனவன் வீடு மாறிப்போய் வேறு பெண்ணைப் பார்த்துவிடுகிறான், அவ்வளவுதான் விஷயம். பாண்டியராஜனும் வி.கே.ராமசாமியும் இளையராஜாவும் சேர்ந்து அதை எப்படிக் கொண்டுபோனார்கள் பாருங்கள். அடுத்த வருடம் 'சம்சாரம் அது மின்சாரம்'. அப்பனுக்கும் மகனுக்கும் பணத் தகராறு, வீட்டுக்கு நடுவில் கோடு. விசு நாடகத்திலிருந்து வந்தவர், அந்த வாடை படத்திலும் இருக்கும். ஆனால் மனோரமா அம்மா அந்தச் சம்பந்தியிடம் பேசும் காட்சிக்குத் தியேட்டர் அதிர்ந்ததை நான் நேரில் கேட்டிருக்கிறேன். சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

1995இல் 'சதி லீலாவதி'. பாலு மகேந்திரா நகைச்சுவைப் படம் எடுப்பார் என்று யார் எதிர்பார்த்தது? கோவை சரளாவைக் கமல்ஹாசனுக்கு மனைவியாகப் போட்டார். அதுவரை அவரை அடித்தும் உருட்டியும்தான் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் பழனியம்மாள் ஒரு முழு மனுஷி. நொய்யல் தம்பி சொன்ன கொங்குத் தமிழ் வருத்தத்துக்கு அந்தப் படத்தையும் பார்க்கட்டும்.

---

வைகைக்கரை:

டீச்சர் சொன்னது சரியான கேள்வி. நான் வில்லன் இல்லை, கேலி இல்லை என்று எழுதினேன். கேலி இல்லாததோடு எல்லோருக்கும் குரலும் இருக்க வேண்டும். 'ஆண்டவன் கட்டளை'யில் அந்தக் கார்மேகக்குழலிக்கு அது இருக்கிறது. அவள் டிவி நிருபர், தனக்கென்று ஒரு வேலையும் கோபமும் உள்ளவள். வேறு யாரோ போட்ட பொய்யில் நான் ஏன் கோர்ட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறாள்.

ஐயா, 'ஆண் பாவம்' எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் கதை ஒரு பக்கம், காமெடி டிராக் ஒரு பக்கம் என்று இரண்டு தண்டவாளம் ஓடும். நீங்கள் சொன்ன படங்கள் அதை மீறியவை, அதனால்தான் நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

---

யாழ்தேவி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரி. 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) பற்றி ஒருவரும் இன்னும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் இருந்து பொருளாதார நெருக்கடி தாங்காமல் எங்கட சனம் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் போய் இறங்கினது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிடிபட்டவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் படம் அங்கேதான் தொடங்குகிறது. இறங்கின உடனே பொலிஸ். சின்ன மகன் முள்ளி கதைத்துக் கதைத்துப் பொலிஸ்காரரைக் கரைத்துவிடுகிறான். அதற்குப் பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பு, கேரளாக்காரர் என்று பொய். யாரோடும் கதைக்காதீர்கள், வாயைத் திறந்தால் பிடித்துவிடுவார்கள் என்று மாமன் எச்சரிக்கிறார். ஆனால் அந்த அப்பா தர்மதாஸால் யாரோடும் கதைக்காமல் இருக்கவே முடியாது! வைகைக்கரை அண்ணா சொன்ன சின்ன விஷயம் இதில் அதுதான். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் சுகம் விசாரிக்கிற பழக்கம்.

நான் எதிர்பார்ப்பில்லாமல்தான் பார்த்தேன். எங்களைப் பற்றிய படம் என்றால் ஒன்று யுத்தம், இல்லாவிட்டால் பகிடி. 'தெனாலி' (2000) எனக்கு இப்பவும் சிரிப்பு வரும் படம்தான், ஆனால் அதில் எங்கட பேச்சே பகிடியின் பாதி. இதில் பேச்சைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை மறைக்க வேண்டியிருக்கிறதே என்பதில்தான் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. சசிகுமாரின் பேச்சில் சில இடங்களில் மதுரை எட்டிப் பார்க்கிறது, அது உண்மை. சிம்ரன் பரவாயில்லை. ஆனால் அம்மா, அப்பா, இரண்டு பெடியள் என்று ஒரு வீடு எப்படிச் சண்டை பிடிக்கும், எப்படிச் சமாதானமாகும் என்பது எங்கட வீடு போலவே இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. அந்தக் குடியிருப்பில் எல்லோருமே கடைசியில் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். அகதியாக இருந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அது அவ்வளவு இலகு இல்லை என்று சொல்வார்கள். அப்படி நடந்திருக்கக் கூடாதா என்ற ஆசையோடுதான் நானும் அழுதேன்.

---

வெள்ளாடு:

வைகைக்கரை கட்சிக்கு நான் எதிர்க்கட்சி. சின்ன விஷயம் சின்னதாகவே இருக்க வேண்டும் என்று ஏன் சட்டம் போடுகிறீர்கள்? அது வளர்ந்து பெரிதாவதுதான் சில படங்களின் அழகே.

'மண்டேலா' (2021) பாருங்கள். முடி வெட்டுகிற ஒருவருக்குப் பெயர்கூட இல்லை. ஊரே இளிச்சவாயன் என்றுதான் கூப்பிடுகிறது. சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு வைக்கத் தபால் அலுவலகம் போகிறார், கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டும் என்கிறார்கள். அங்கே வேலை செய்கிற தேன்மொழி நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கிறார். பெயர் வந்தது, அடையாள அட்டை வந்தது, ஓட்டு வந்தது. ஊராட்சித் தேர்தலில் இரண்டு பக்கமும் சரிசமம், இவருடைய ஒரே ஓட்டில் ஊரின் தலையெழுத்து. இது சாதியையும் ஓட்டுக்குப் பணத்தையும் பேசாமல் வெறும் பெயர்ப் பிரச்சினையாகவே முடிந்திருந்தால் என்ன பிரயோஜனம்? தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் விஜய் டிவியில் நேரடியாக ஒளிபரப்பானது. எங்கள் ஊரில் வீடு வீடாக அதே சத்தம் கேட்டது. யோகி பாபுவின் தலைமுடியையும் உடம்பையும் வைத்தே சிரிப்புக் காட்டிய சினிமா, அவரை ஒழுங்காக நிற்கவைத்துப் பார்த்தது அதில்தான். மடோன் அஷ்வினுக்கு அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருது.

அதே போல 'ஒரு கிடாயின் கருணை மனு' (2017). புதுசாகக் கல்யாணமான ஜோடி, குலசாமிக்குக் கிடாவெட்டு, ஊரே லாரியில் ஏறிப் போகிறது. மாப்பிள்ளை ஆசைக்குக் கொஞ்ச தூரம் லாரி ஓட்டுகிறார், ஒருவர் மேல் மோதிவிடுகிறது. அப்புறம் முழுப் படமும் ஒரு பிணத்தைச் சுற்றி. வெட்டக் கூட்டிவந்த கிடா ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். உயிர் போன விஷயம், அதில் சிரிப்பு. ஆனால் அதில் வருகிற கிராமத்து மனிதர்கள் ஒருவரைக்கூட நீங்கள் மறக்க மாட்டீர்கள். இயக்குநர் சுரேஷ் சங்கையா 2024இல் இறந்துவிட்டார். இரண்டு மூன்று படத்தோடு நின்றுவிட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

---

நொய்யல்:

'கிடாயின் கருணை மனு' பெயரைப் பார்த்து ஏதோ விருதுப் படம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த வாரமே பார்க்கிறேன்.

---

வைகைக்கரை:

வெள்ளாடு, நல்ல வாதம். ஆனால் 'மண்டேலா' என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. கதை எவ்வளவு பெரிதானாலும் அந்த ஓட்டைப் படம் கையிலிருந்து விடவே இல்லை. அவருக்குக் கிடைக்கிற மரியாதை, அவர் கேட்கிற ரோடு, கழிப்பறை எல்லாமே அந்த ஒரு ஓட்டிலிருந்து வருகின்றன. 'பார்க்கிங்'கில் எனக்கு இருந்த சங்கடம் வேறு. அங்கே பாதிக்கு மேல் வண்டி நிறுத்தும் இடமே யாருக்கும் தேவைப்படவில்லை.

---

வெள்ளாடு:

அதுதானே அந்தப் படத்தின் கதை! இடம் மறந்துபோகிறது, வீம்பு மட்டும் நிற்கிறது. அந்தப் பெரியவர் ஓட்டத் தேவையே இல்லாத காரை வாங்கி நிறுத்துகிறாரே, அதற்கு என்ன அர்த்தம்? சொத்துத் தகராறு நடந்த வீட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நாலடி சந்துக்காகக் கொலை வரை போகும் என்று உங்களுக்கு மிகையாகத் தெரிவது எனக்குச் சாதாரணமாகத் தெரிகிறது.

---

வைகைக்கரை:

கார் வாங்கும் இடம் எனக்கும் பிடித்தது. நீங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறேன். ஆனால் அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க மாட்டேன்!

---

புது அப்பா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏழு வயதுப் பையனோடு பார்க்க இதில் எது சரி? கார்ட்டூன் தவிர வேறு எதிலும் உட்கார மாட்டேன் என்கிறான்.

---

தாழையூத்து டீச்சர்:

'காக்கா முட்டை' போடுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளே ஆடாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். தண்டவாளத்தில் சிந்திய கரியைப் பொறுக்கிக் காசு சேர்க்கிற இரண்டு பையன்கள், பீட்சா சாப்பிட ஆசை. பேரன்களுக்காகப் பாட்டி தோசைக்கல்லில் தானே ஒரு பீட்சா சுட்டுத் தருகிற காட்சியில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாட்டி இறந்துபோவார். கடை வாசலில் பையன் அடி வாங்குவான். அந்த இடத்தில் ஏன் அடித்தார்கள் என்று உங்கள் மகன் கேட்பான். பதில் சொல்லத் தயாராக இருங்கள். நான் பாதியில் நிறுத்திப் பேசிவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

'முண்டாசுப்பட்டி'யும் சரிவரும். போட்டோ எடுத்தால் செத்துவிடுவோம் என்று நம்புகிற ஊர். முனீஸ்காந்த் பிணமாக உட்கார்ந்து போஸ் கொடுக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு தனி.

---

பழைய டிக்கெட்:

'கடைசி விவசாயி' பற்றி டீச்சர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சிரிப்புப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நான் அதில் வாய்விட்டுச் சிரித்தேன். மயிலைப் புதைத்தார் என்று மாயாண்டிப் பெரியவர் மேல் வழக்கு. அவர் உள்ளே இருக்கும்போது வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பொறுப்பைப் போலீஸ்காரர் தலையில் கட்டுகிறார் நீதிபதி. சீருடையோடு வரப்பில் நிற்கிற அந்தக் காட்சிகள்! மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜமான விவசாயி, படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் நடிக்கவில்லை என்றே தோன்றும். நீதிமன்றத்தில் நிற்கிறவர் மனசெல்லாம் பயிர் வாடுமே என்பதில்தான் இருக்கும்.

மெதுவாகப் போகும் படம் என்று குறை சொல்கிறார்கள். நெல் எவ்வளவு நாளில் விளையுமோ அவ்வளவு பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தியேட்டரில் பார்த்தபோது மொத்தமே கொஞ்சம் பேர்தான் இருந்தோம். இந்த மாதிரிப் படங்களை நாம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அப்புறம் நல்ல படமே வருவதில்லை என்று புலம்புவது நியாயமில்லை.

---

நொய்யல்:

ஐயா, அதற்கு டிக்கெட் விலையும் ஒரு காரணம். நாலு பேர் குடும்பமாகப் போய்ப் பாப்கார்னும் வாங்கினால் ஒரு வாரக் காய்கறிச் செலவு. ஆனாலும் 'குடும்பஸ்தன்', 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டுக்கும் கூட்டம் வந்ததே. பார்த்தவர்கள் வாயால் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்தது.

---

யாழ்தேவி:

வயதான அம்மாவோடு பார்க்க ஒன்று சொல்லுங்கோ. அப்பா போன பிறகு அவ எந்தப் படத்திலும் மனம் வைக்கிறா இல்லை. சோகமாக இருக்கக் கூடாது.

---

வைகைக்கரை:

'பண்ணையாரும் பத்மினியும்' (2014) நினைவுக்கு வருகிறது. ஆனால் அது வயதான கணவன் மனைவி கதை. கல்யாண நாளுக்குள் கார் ஓட்டக் கற்று மனைவியை உட்காரவைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்று பண்ணையார் ஆசைப்படுவார். ஜெயப்பிரகாஷும் துளசியும் அவ்வளவு அன்பாக இருப்பார்கள். அப்பாவை நினைவுபடுத்தலாம். அது ஆறுதலாக இருக்குமா, வலிக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முதலில் நீங்கள் தனியாக ஒரு தரம் பார்த்துவிடுங்கள் தங்கச்சி.

இப்போதைக்கு என்றால் 'ஆண் பாவம்' போடுங்கள். ஐயா சொன்னதுதான் சரி.

---

பழைய டிக்கெட்:

வி.கே.ராமசாமி வருகிற இடங்களில் அம்மாவை எழுந்து போகவிடாதே மகளே. பாட்டு எதையும் ஓட்டிவிடவும் வேண்டாம்.